மாதம் 75 ரூபாயில் ஓர் ஆராய்ச்சி வேலை – சென்னைப் பல்கலைக்கழகம், 1913

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை வேண்டும் என்றால் இன்று என்ன செய்ய வேண்டும் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். முதுகலைப் பட்டம் வேண்டும். நெட் தேர்வு எழுத வேண்டும். அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். பிறகு ஒரு வழிகாட்டி, ஒரு தலைப்பு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை. கஷ்டமான வழிதான், ஆனால் வழி என்று ஒன்று இருக்கிறது.

அந்த வழியே இல்லாத ஒரு காலம் இருந்தது. விளம்பரம் கிடையாது, தேர்வு கிடையாது, ஏன், "ஆராய்ச்சி" என்ற பெயரில் ஒரு வேலையே கிடையாது. அந்தக் காலத்தில் சென்னையில் ஒருவர் ஆராய்ச்சி வேலை தேடினார். அவரிடம் பட்டம் இல்லை. எஃப்.ஏ. பரீட்சையில்கூடத் தேறவில்லை. பெயர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் கதை தெரியாதவர்கள் குறைவு. ஈரோட்டில் பிறந்தது, கும்பகோணத்தில் படித்தது, ஹார்டிக்குக் கடிதம் எழுதியது, இங்கிலாந்து போனது எல்லாம் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் அதை ஒரு வேலை தேடிய மனிதரின் கதையாகப் படித்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படும். யார் யாரைப் பார்த்தார்? எந்த ஆபீஸ் என்ன சொன்னது? விதியில் இடம் இல்லாதபோது பல்கலைக்கழகம் எப்படி இடம் கொடுத்தது? அதைப் பார்ப்போம்.

பாடம் நடத்தாத பல்கலைக்கழகம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களும் வந்தன. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அதாவது, பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும். பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லூரிகளின் வேலை. மாநிலக் கல்லூரி, கிறிஸ்தவக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி என்று ஆசிரியர்கள் கல்லூரிகளில் இருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு என்று இருந்தது ஒரு பதிவாளர், குமாஸ்தாக்கள், செனட், சிண்டிகேட், பரீட்சைத் தாள்கள். கடற்கரைச் சாலையில் சிசோல்ம் கட்டிய அழகான செனட் ஹவுஸ் 1879-ல் முடிந்துவிட்டது. ஆனால் அங்கே போய் யாரும் ஆராய்ச்சி செய்ய முடியாது!

இதனால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் சி.வி.ராமன். மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே 1906-ல் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டது. 1907-ல் எம்.ஏ. முடித்தார். அதற்குப் பிறகு சென்னையில் அவருக்கு ஒரு ஆராய்ச்சி வேலை இல்லை. நிதித்துறைப் பரீட்சை எழுதித் தேறி, கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தார். ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில்தான் இயற்பியல். பத்து வருடம் கழித்து 1917-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவி கொடுத்தபோது, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அரசு வேலையை விட்டார்.

உலகத்தின் மற்ற இடங்களிலும் நிலைமை ரொம்ப வித்தியாசம் இல்லை. 1900-ல் சூரிச்சில் பட்டம் வாங்கிய ஐன்ஸ்டைன் உதவியாளர் வேலைக்காகப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதி எழுதிச் சலித்துப் போனார். கடைசியில் நண்பர் கிராஸ்மனின் அப்பா சிபாரிசில்தான் 1902-ல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பல்கலைக்கழக வேலை கிடைக்க 1909 ஆயிற்று.

இடையில் 1904-ல் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் வந்தது. கர்சன் பிரபு கொண்டு வந்த சட்டம். பல்கலைக்கழகங்களை அரசின் பிடிக்குள் கொண்டு வருகிறது என்று அன்றைய தலைவர்கள் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. பல்கலைக்கழகங்கள் பேராசிரியர்களை நியமிக்கலாம், படிப்பையும் ஆராய்ச்சியையும் வளர்க்கும் காரியங்களைச் செய்யலாம் என்ற வரி. ஒன்பது வருடம் அது சட்டப் புத்தகத்தில் பெரிதாக வேலை இல்லாமல் கிடந்தது.

சிபாரிசுக் கடிதங்களோடு ஒரு பயணம்

ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காததால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. 1909-ல் கல்யாணம் ஆனது. வேலை தேடியே ஆக வேண்டும்.

1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். எதற்காக அவர்? 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். தன் ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டு வந்தவரின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். இவரை இங்கே உட்கார வைத்தால் இவருடைய திறமை வீணாகிவிடும் என்று முடிவு செய்து, வேலைக்குப் பதிலாகச் சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அங்கிருந்து ஒரு சங்கிலி தொடங்குகிறது. சென்னையில் பி.வி.சேஷு ஐயர். அவர் கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் நடத்தியவர். அவர் மூலமாக நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவ். 1910 டிசம்பரில் நடந்த சந்திப்பு அது. ராவ் கணிதம் தெரிந்தவர், கணிதக் கழகத்தோடு தொடர்புடையவர். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார். நிபந்தனை எதுவும் இல்லை. இன்றைய பாஷையில் சொன்னால் இதுதான் ராமானுஜனின் முதல் 'ஃபெல்லோஷிப்'. 1911-ல் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை கணிதக் கழகத்தின் இதழில் வந்தது.

ஆனால் ஒருவர் தயவில் எத்தனை நாள் வாழ்வது? 1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் மாதம் 20 ரூபாய்க்கு ஒரு தற்காலிக வேலை பார்த்தார். சில வாரங்கள்தான். அந்தப் பிப்ரவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசு. மார்ச் 1-ந் தேதி கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆபீஸின் தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண ஐயர். அவரும் கணிதக் கழகத்துக்காரர், அதன் பொருளாளர்! துறைமுகத் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். நாராயண ஐயர் ஸ்பிரிங்கிடம் சொன்னார். ஸ்பிரிங் தனக்குத் தெரிந்த ஆங்கிலேய அதிகாரிகளிடம் சொன்னார். சென்னை பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் லண்டனில் இருந்த தன் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு எழுதினார். ஒரு குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகத்துக்காக இத்தனை பேர் தபால் செலவு செய்திருக்கிறார்கள்!

ராமானுஜனும் சும்மா இருக்கவில்லை. கேம்பிரிட்ஜில் இரண்டு பேருக்கு எழுதிப் பயன் இல்லை. 1913 ஜனவரி 16-ந் தேதி மூன்றாவதாக ஜி.எச்.ஹார்டிக்கு எழுதினார். பிப்ரவரி 8-ந் தேதி ஹார்டி பதில் எழுதினார். நிரூபணங்களை அனுப்பச் சொன்ன, அக்கறையான பதில். அந்தப் பதில் சென்னையில் கைக்குக் கை மாறியது.

விதி என்ன சொல்கிறது?

பிப்ரவரி மாதக் கடைசியில் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். இந்திய வானிலைத் துறையின் தலைவர் அவர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் மாணவராகத் தேறியவர். ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜனின் கணக்குகளைக் காட்டினார். வாக்கர் உடனே பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த ஆளுக்குச் சில வருடங்களாவது சம்பாத்தியக் கவலை இல்லாமல் கணிதத்தில் ஈடுபட வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

மார்ச் மாதம் கணிதப் பாடத்திட்டக் குழு கூடியது. பொறியியல் கல்லூரியின் பி.ஹனுமந்த ராவ், நாராயண ஐயரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். ஹார்டியின் கடிதம் அங்கே பேசப்பட்டது. இரண்டு வருடத்துக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது.

ஏப்ரலில் அது சிண்டிகேட்டுக்குப் போனது. அங்கேதான் சிக்கல். ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. இவரிடமோ எந்தப் பட்டமும் இல்லை. விதிப்படி கொடுக்க முடியாது என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. விதி அப்படித்தான் இருந்தது.

அப்போது சிண்டிகேட்டில் இருந்த நீதிபதி பி.ஆர்.சுந்தரம் ஐயர் அந்த 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்தார். பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறது என்று சட்டமே சொல்கிறது, அதில் ஆராய்ச்சியை வளர்ப்பதும் ஒன்று. ராமானுஜனின் தகுதியில் சந்தேகம் இல்லை. எனவே கொடுக்கலாம் என்று வாதாடினார். அவர் விதியை மீறச் சொல்லவில்லை. விதிக்கு மேலே இருக்கும் சட்டத்தைக் காட்டினார். ஒன்பது வருடமாகச் சும்மா கிடந்த வரிக்கு அன்று வேலை வந்தது. உதவித்தொகை கிடைத்தது.

1913 மே 1-ந் தேதி முதல் ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர். 30 ரூபாய் 75 ரூபாய் ஆனது. பல்கலைக்கழகத்தின் முதல் ஆராய்ச்சி மாணவர் என்றே அவரைச் சொல்வது வழக்கம்.

நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும். ஆகஸ்ட், நவம்பர், 1914 மார்ச் என்று மூன்று அறிக்கைகள் கொடுத்தார். வரையறுத்த தொகையீடுகளைப் பற்றியவை அவை. இன்று 'ராமானுஜன் மாஸ்டர் தேற்றம்' என்று கணிதக்காரர்கள் சொல்வது அந்த அறிக்கைகளில் இருக்கிறது. கடமைக்கு எழுதிக் கொடுக்கும் காலாண்டு அறிக்கையில் ஒரு தேற்றம்! இன்று அறிக்கை எழுதத் திணறிக் கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறாமைப்படலாம்.

1914 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் சென்னைக்கு விரிவுரை நடத்த வந்தார். ராமானுஜனை இங்கிலாந்துக்கு அனுப்பும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பல்கலைக்கழகம் வருடம் 250 பவுண்டு தர ஒப்புக் கொண்டது. ஒரு பவுண்டு 15 ரூபாய் என்றிருந்த காலம் அது. கணக்குப் போட்டால் மாதம் 312 ரூபாய்க்கு மேல் வரும். இரண்டு வருடத்துக்கு முன் 20 ரூபாய்த் தற்காலிக குமாஸ்தா! மார்ச் 17-ந் தேதி கப்பல் ஏறினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கொடுத்தது. ஏன் பி.எச்டி. இல்லை என்றால், அந்தப் பட்டமே அப்போது கேம்பிரிட்ஜில் கிடையாது.

அகராதி ஆபீஸும் புதிய பேராசிரியர்களும்

ராமானுஜனுக்கு உதவித்தொகை கொடுத்த அதே காலத்தில்தான் சென்னைப் பல்கலைக்கழகம் பரீட்சை ஆபீஸ் என்ற நிலையிலிருந்து மாற ஆரம்பித்தது. 1914-ல் இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியராக எஸ்.கிருஷ்ணசாமி ஐயங்கார் நியமிக்கப்பட்டார். ஒப்பியல் மொழிநூலுக்கு மார்க் காலின்ஸ் வந்தார். 1915-ல் இந்தியப் பொருளாதாரத்துக்கு கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். ஸ்லேட்டர் தன் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கே அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். அந்த ஆய்வுகள் 1918-ல் புத்தகமாக வந்தன. தென்னிந்திய கிராமங்களைப் பற்றி யார் எழுதினாலும் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

இன்னொரு பக்கம் தமிழ்ப் பேரகராதி. 1913-ல் அமெரிக்கப் பாதிரியார் ஜே.எஸ்.சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வேலை ஆரம்பித்தது. ஒரு லட்சம் ரூபாயில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். அது நான்கு லட்சத்தைத் தாண்டியது. ஆறு தொகுதிகள் முடிய 1936 ஆயிற்று, அனுபந்தம் 1939-ல் வந்தது. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு அந்த அலுவலகம் தமிழ்ப் பண்டிதர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. மு.இராகவையங்கார் அங்கே தலைமைத் தமிழ்ப் பண்டிதர். கோயில், மடம், ஜமீன், பள்ளிக்கூடம் இவற்றை விட்டால் தமிழ் படித்தவருக்குப் போக்கிடம் இல்லாத காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

1926 நவம்பரில் அகராதியின் பதிப்பாசிரியராக வந்தவர் எஸ்.வையாபுரிப் பிள்ளை. அவர் தொழிலால் வக்கீல்! திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வக்கீலாக இருந்தவர். ஓய்வு நேரத்தில் ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் படித்ததும், எழுதிய கட்டுரைகளும்தான் அவரை அந்த நாற்காலிக்குக் கொண்டு வந்தன. 1936-ல் அகராதி முடிந்ததும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் தலைவரானார்.

ஆளைத் தேடிப் போன துணைவேந்தர்

1942 முதல் 1969 வரை ஏ.லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்தார். இருபத்தேழு வருடம்! இயற்பியல் துறையைத் தொடங்க வேண்டி அவர் சி.வி.ராமனைக் கேட்டார். ராமன் தன்னால் வர முடியாது என்று சொல்லி, தன் மாணவர் ஜி.என்.ராமச்சந்திரனைச் சொன்னார். 1952-ல் துறைத் தலைவராக வந்த அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அவர் கிண்டி வளாகத்தில் வேலையை ஆரம்பித்தார். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. கொலாஜன் என்ற புரதத்தின் மாதிரி அங்கிருந்து கிடைத்தது, கங்காரு வால் தசைநாரிலிருந்து எடுத்தது. 1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழை முறுக்கு என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1963-ல் வந்த 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்று உலகம் முழுக்க உயிர்வேதியியல் மாணவர்கள் படிக்கும் பாடம். ஒரு நியமனம் சரியாக அமைந்தால் பத்து வருடத்தில் ஒரு புதிய துறை எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சென்னையில் இல்லை.

ராமானுஜன் பெயரிலும் ஒரு இடம் வந்தது. 1950-ல் அழகப்பச் செட்டியார் ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கினார். ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் படித்த டி.விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். பணக் கஷ்டம் வந்தபோது 1957-ல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக் கொண்டது. 1967-ல் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையோடு சேர்த்து உயர்கல்வி மையம் ஆனது. சேப்பாக்கத்தில் அது இருக்கிறது.

தெரிந்தவர் இல்லாதவர்களுக்கு?

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். ராமசாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர், ஹனுமந்த ராவ், சுந்தரம் ஐயர். மீதிப் பேர் ஆங்கிலேய அதிகாரிகள். எல்லோரும் நல்ல மனிதர்கள், எல்லோரும் தன்னலம் இல்லாமல் உதவினார்கள். ஆனால் இவர்கள் எல்லோரும் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்தவர்கள். ராமானுஜன் ஏழை. ஆனாலும் அந்த வட்டத்தின் வாசலில் நின்று நோட்டுப் புத்தகத்தைக் காட்ட அவரால் முடிந்தது. அதே 1910-ல் வேறொரு சாதியில் பிறந்த, இங்கிலீஷ் எழுதத் தெரியாத, டெபுடி கலெக்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாத ஒரு பையனிடம் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால்? அவனைப் பற்றி வரலாறு எழுத நம்மிடம் எதுவும் இல்லை. அவன் எழுதிய காகிதமே மிஞ்சியிருக்காது.

இந்தக் கேள்வியை அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். 1916-ல் வந்த பிராமணரல்லாதார் அறிக்கை கேட்டது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-ல் வகுப்புவாரி அரசாணை வந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வர 1920களின் கடைசி ஆயிற்று. 1951-ல் உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடு வரை நீளும் கதை அங்கிருந்துதான் வருகிறது.

பெண்களுக்கும் இதே கேள்வி. ஈ.கே.ஜானகி அம்மாள் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர். சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆராய்ச்சிக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போக வேண்டியிருந்தது, அதுவும் ஆசியப் பெண்களுக்கென்றே இருந்த ஒரு உதவித்தொகையில். கோயம்புத்தூர்க் கரும்பு நிலையம், பிறகு இங்கிலாந்து, பிறகு இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனம் என்று எங்கெங்கோ வேலை பார்த்தார். 1970-ல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு ஓய்வுபெற்ற விஞ்ஞானியாக வந்தார். 1984-ல் இறக்கும்வரை மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில்தான் வேலை செய்தார். படித்த ஊரில் ஆராய்ச்சி இடம் கிடைத்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

நெட் வந்த கதை

அரசும் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்குக் கண்டுபிடித்த வழி பொதுத் தேர்வு. யாரையும் தெரிய வேண்டாம், பரீட்சை எழுதினால் போதும். 1988 ஜூலையில் மத்திய அரசு விரிவுரையாளர் தகுதித் தேர்வு நடத்தும் பொறுப்பை மானியக் குழுவிடம் கொடுத்தது. 1989 டிசம்பரில் முதல் நெட் தேர்வு. மாநிலங்களுக்கு ஸ்லெட், பிறகு செட் வந்தன. 2018 டிசம்பரிலிருந்து தேசியத் தேர்வு முகமை நெட்டை நடத்துகிறது.

இது ஒரு பெரிய கதவைத் திறந்தது என்பதில் சந்தேகமே இல்லை. அசோக் நகரில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து படிக்கும் திருவண்ணாமலைப் பையனும், பேராசிரியர் வீட்டுப் பெண்ணும் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். ராமச்சந்திர ராவ் போன்ற ஒரு புரவலர் கிடைக்காவிட்டாலும் ஜே.ஆர்.எஃப். கிடைக்கும். (1913-ல் அசோக் நகரே கிடையாது. அது 1960களில் உருவான பகுதி!)

ஆனால் பரீட்சைக்கும் அதன் பிரச்சினைகள் உண்டு. 2024 ஜூன் 18-ந் தேதி 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நெட் எழுதினார்கள். மறுநாளே தேர்வு ரத்து! ஆகஸ்ட், செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டியிருந்தது. விதிகளும் மாறிக்கொண்டே இருந்தன. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்குப் பி.எச்டி. கட்டாயம் என்று 2018-ல் சொன்னார்கள். தேதியைத் தள்ளிப் போட்டார்கள். 2023 ஜூலையில் நெட், செட், ஸ்லெட் இருந்தால் போதும், பி.எச்டி. விருப்பம் என்று மாற்றினார்கள். அந்த ஐந்து வருடத்தில் அவசரம் அவசரமாக ஆய்வேட்டை முடித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

2018 விதிகளில் இன்னொரு சுவாரஸ்யமான விஷயம் உண்டு. பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு நூறு மதிப்பெண்ணுக்குப் பட்டியல் போட வேண்டும். பி.எச்டி.க்கு 30, ஜே.ஆர்.எஃப்.புடன் நெட்டுக்கு 7, வெறும் நெட்டுக்கு 5, ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 10. ஆனால் இந்தப் பட்டியல் நேர்முகத் தேர்வுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்கு மட்டும்தான். வேலை யாருக்கு என்பது நேர்முகத் தேர்வை மட்டும் வைத்து. அதாவது, எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் கடைசியில் ஓர் அறைக்குள் சில பேர் உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள். 1913 ஏப்ரலில் சிண்டிகேட் உட்கார்ந்த மாதிரி.

அந்தப் பட்டியலில் ராமானுஜனை வைத்துப் பார்த்தால்? கணிதக் கழக இதழில் வந்த சில கட்டுரைகளுக்குச் சில மதிப்பெண் கிடைக்கும். மற்றதெல்லாம் பூஜ்யம். உண்மையில் பட்டியல் வரைக்கும் போகவே முடியாது, முதுகலைப் பட்டம் இல்லாததால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும்.

இரண்டு கதவுகள்

ஆக, சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் இரண்டு கதவுகளைப் பார்க்கிறோம். ஒன்று தெரிந்தவர்கள் திறந்த கதவு. அதன் வழியாக ராமானுஜனும் வையாபுரிப் பிள்ளையும் ராமச்சந்திரனும் வந்தார்கள். அதே கதவு எத்தனையோ பேருக்கு மூடியே இருந்தது. இன்னொன்று விதி திறந்த கதவு. அதன் வழியாக, முன்பு வாசலுக்கே வர முடியாத ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். ஆனால் பட்டியலுக்குள் அடங்காத ஒருவர் வந்தால் அந்தக் கதவுக்கு அவரை அடையாளம் தெரியாது.

பழைய கதவே நல்லது என்று சொல்பவர்கள் அதற்கு வெளியே நின்றவர்களை மறந்துவிடுகிறார்கள். விதி மட்டும் போதும் என்று சொல்பவர்கள் சுந்தரம் ஐயரின் வாதத்தை மறந்துவிடுகிறார்கள். அவர் செய்தது சலுகை இல்லை. நோட்டுப் புத்தகத்தைப் படித்துப் பார்த்தவர்கள் எழுத்தில் கொடுத்த கருத்தை வைத்து, சட்டத்தின் நோக்கத்தைக் காட்டி, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாதாடினார். சிபாரிசுக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். விண்ணப்பதாரர் செய்த வேலையை யாராவது உட்கார்ந்து படித்தார்களா என்பதுதான் கேள்வி. இன்றைய நேர்முகத் தேர்வு அறைகளிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

ஆராய்ச்சி வேலை தேடுபவர்கள் அந்த 1913-லிருந்து எடுத்துக் கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. ராமானுஜன் கடிதம் எழுதுவதை நிறுத்தவே இல்லை. இரண்டு பேர் கைவிட்ட பிறகும் மூன்றாவது ஆளுக்கு எழுதினார். எழுதும்போது தன் தகுதிகளை அடுக்கவில்லை, தேற்றங்களை அடுக்கினார்.

1919 ஜனவரியில் அவர் இன்னொரு கடிதம் எழுதினார். அதற்குள் ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ ஆகியிருந்தார். உடம்பு கெட்டுப் போயிருந்தது. ஊருக்குத் திரும்பும் அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் வருடம் 250 பவுண்டு கொடுப்பதாக அறிவித்திருந்தது. கணிதப் பேராசிரியர் பதவி ஒன்றை உருவாக்கும் யோசனையும் இருந்தது. பதிவாளர் டியூஸ்பரிக்கு நன்றி சொல்லி எழுதிய ராமானுஜன், இந்தத் தொகை தன் தேவைக்கு அதிகம் என்றார். பெற்றோருக்குக் கொடுத்தது, தன் செலவு போக மிச்சத்தை ஏழைப் பையன்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பயன்படுத்தும்படி கேட்டுக் கொண்டார்.

1920 ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. அந்தப் பேராசிரியர் நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை.